சட்டைக்குள் ஒரு ஜப்பான்

சப்போரோ, செவ்வாய்

தங்கியிருக்கும் விடுதியின் மேல்மாடியில் வெந்நீர்க் குளியல் உண்டு. வாசலில் படம் போட்ட பலகை: குடித்துவிட்டு வரக்கூடாது, நீச்சலுடையோடு இறங்கக்கூடாது, பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை. என் வலது முன்கையில் கல்லூரிக் காலத்தில் குத்திக்கொண்ட மயிலிறகு ஒன்று இருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கையைக் காட்டிக் கேட்டேன். குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து தோல் நிறத்தில் ஒரு ஒட்டியை எடுத்துத் தந்தார். அஞ்சலட்டையில் பாதி அளவு இருக்கும். அதற்குள் அடங்கினால் குளிக்கலாமாம். ஒட்டிப் பார்த்தால் இறகின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவரும் பார்த்தார். பார்க்காத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

2015-ல் ஜப்பான் சுற்றுலா முகமை நாடு முழுக்க உள்ள வெந்நீர் ஊற்று விடுதிகளிடம் இதைப் பற்றிக் கேட்டது. பதில் அனுப்பியவர்களில் சுமார் 56 சதவீதம் பேர் பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை என்றார்கள். 31 சதவீதம் பேர் விடுகிறோம் என்றார்கள். மீதி 13 சதவீதம், மறைத்துக்கொண்டு வந்தால் சரி என்ற கட்சி. என் விடுதி இந்த மூன்றாவது கட்சி.

ஏன் தடை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: யாகுசா. ரவுடிக் கும்பல்காரர்கள் முதுகு நிறையப் பச்சை குத்திக்கொண்டு வந்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள். நியாயம்தான், ஆனால் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. யாகுசாவைப் பற்றிய பேச்சே இல்லாத இடங்களில், இந்தத் தீவுகளின் வடகோடியிலும் தென்கோடியிலும், பாட்டிமார்கள் பேத்திகளுக்குப் பச்சை குத்திக்கொண்டிருந்தார்கள். நடுவே எடோ நகரத்தில், அதாவது பழைய டோக்கியோவில், தீயணைப்புக்காரர்கள் குத்திக்கொண்டார்கள். இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே அரசாங்கம் முப்பது வருடத்துக்குள் தடை செய்தது. அந்தத் தடைகள் வந்த வரிசையிலேயே வடக்கிலிருந்து தெற்கே போவதாகத் திட்டம். அன்றன்றைக்கு எழுதப் பார்க்கிறேன், தூக்கம் விட்டால்.

ஷிராவோய், புதன்

சப்போரோவிலிருந்து ஷிராவோய்க்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. மே மாதம் பாதி முடிந்தும் காற்றில் குளிர் விடவில்லை. ஊருக்குப் பின்னால் போரோடோ ஏரி. அதன் கரையில் 2020 ஜூலையில் திறந்த உபோபோய் வளாகம், அதற்குள் தேசிய ஐனு அருங்காட்சியகம். இந்த வடகோடித் தீவான ஹொக்கைடோவின் ஆதிக்குடிகளான ஐனு மக்களுக்காக நாட்டின் மத்திய அரசு கட்டிய முதல் அருங்காட்சியகம் இது. கட்டிடம் அழகு, ஏரி அதைவிட அழகு. ஆனால் நான் வந்தது உதடுகளைப் பார்க்க.

பழைய ஐனுப் பெண்களின் படம் எதையாவது பார்த்திருந்தால் மறக்க முடியாது. உதட்டைச் சுற்றிக் கருநீலப் பட்டை. இரண்டு ஓரமும் கன்னத்தை நோக்கி மேலேறிக் கூராக முடியும். முன்கையில் பின்னல் பின்னலாகக் கோடுகள், விரல்களில் வளையங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரப் பயணிகள் பெண்களுக்கு மீசை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். புகைப்படத்திலிருந்து நேரே நம்மைப் பார்க்கும் அந்தப் பெண்களின் முகத்தில் அவர்களுடைய அபிப்பிராயத்தைப் பற்றிக் கவலை எதுவும் தெரியவில்லை.

இதற்கு சினுயே என்று பெயர். ஒகிகுருமி என்ற தெய்வத்தின் தங்கை பூமிக்கு வந்து கற்றுக்கொடுத்தாள் என்பது ஐனுக்களின் கதை. செய்முறை எளிது, தாங்குவதுதான் கஷ்டம். பிர்ச் மரப்பட்டையை எரித்து அதன்மேல் பானையைப் பிடித்தால் பானையின் அடியில் கரி திரளும். சிறு கத்தியின் நுனியால் தோலை நெருக்க நெருக்கமாகக் கீறி, அந்தக் கரியை விரலால் வழித்தெடுத்துத் தேய்ப்பார்கள். மரப்பட்டையைக் கொதிக்கவைத்த நீரால் துடைத்துத் துடைத்து மறுபடி கீறுவார்கள். இரும்புக் கத்தி வருவதற்கு முன் எரிமலைக் கண்ணாடிச் சில்லு. முதலில் சிறுமியின் மேலுதட்டில் ஒரு பொட்டளவுதான். பிறகு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, கல்யாணத்தை ஒட்டி முடிப்பார்கள். குத்துபவர்களும் பெண்கள்தான், பெரும்பாலும் பாட்டியோ தாய்வழிப் பெரியம்மாவோ. உதட்டில் கத்தி வைத்த நாளில் சோறு தண்ணீர் இறங்காது. அதையும் தாங்கிக்கொண்டால் பிள்ளைப்பேற்றையும் தாங்கலாம் என்று சொல்லி ஆறுதல்படுத்துவார்களாம். ஆறுதலா மிரட்டலா என்று தெரியவில்லை.

1869-ல் பேரரசர் மெய்ஜியின் அரசு இந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் வைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1871-ல் அதன் குடியேற்றத் துறை ஓர் ஆணை போட்டது: இனிமேல் பிறக்கும் பெண் குழந்தைகளுக்குப் பச்சை குத்தக்கூடாது, ஆண்கள் காதில் வளையம் போடக்கூடாது, செத்தவரின் வீட்டைக் கொளுத்திவிட்டு இடம் மாறும் வழக்கத்தை விடவேண்டும், ஜப்பானிய மொழி கற்கவேண்டும். நாலும் ஒரே மூச்சில். ஆளையே மாற்றுவதுதான் நோக்கம், தோல் அதில் ஓர் அயிட்டம். யாகுசா இங்கே எந்த மூலையிலும் இல்லை.

அம்மாமார்கள் உடனே கேட்டுவிடவில்லை. பல வருடம் ஒளித்து ஒளித்துக் குத்தினார்கள். முழுதாகக் குத்திக்கொண்ட கடைசிப் பெண்மணி 1998-ல் காலமானார் என்கிறார்கள். இப்போது மயுன்கிகி என்ற ஐனு கலைஞர் சினுயேயையே தன் படைப்புகளின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறார். 2020 சிட்னி பியனாலே கலைக் கண்காட்சியில் அவருடைய படைப்பு இதைப் பற்றித்தான். குத்திக்கொள்வதா வேண்டாமா என்று அவர் வெளிப்படையாக யோசிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பாரம்பரியம் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு யோசிப்பதை நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

டோக்கியோ, வியாழன்

காலை விமானம். பையை வைத்துவிட்டு நேரே யோட்சுயாவில் இருக்கும் தீயணைப்பு அருங்காட்சியகத்துக்கு. அனுமதி இலவசம். கீழ்த்தளத்தில் பளபளக்கும் சிவப்பு வண்டிகள், அவற்றில் ஏற அடம்பிடிக்கும் குழந்தைகள். மேலே போனால் எடோ காலம்.

எடோ மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய நகரம். தீயும் தெருச்சண்டையும் எடோவின் பூக்கள் என்று பழமொழியே உண்டு. 1720-ல் ஷோகுன், அதாவது ராணுவ ஆட்சியாளர், யோஷிமுனேயின் ஆட்சியில் பேட்டைக்கு ஒன்றாகத் தீயணைப்புக் குழுக்களை ஒழுங்குபடுத்தினார்கள். ஜப்பானிய எழுத்து வரிசைப்படி இ, ரோ, ஹா என்று பெயர் வைத்த குழுக்கள். கட்டிட வேலை செய்யும் தச்சர்களும் சாரம் கட்டுபவர்களும்தான் ஆட்கள். தண்ணீர் பீய்ச்சி அணைக்க வசதி கிடையாது. தீ போகும் பாதையில் உள்ள வீடுகளை முன்கூட்டியே இடித்துத் தள்ளுவதுதான் வேலை. இடிக்கத் தெரிந்தவன் கட்டத் தெரிந்தவன்தானே.

அவர்கள் போட்டிருந்த அங்கி ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பருத்தித் துணியை அடுக்கி நெருக்கமாகத் தையல் ஓட்டியது. தீக்குள் போகுமுன் தண்ணீரில் முக்கிப் போட்டுக்கொள்வார்கள். வெளிப்பக்கம் வெறும் கருநீலம், குழுவின் முத்திரை, அவ்வளவுதான். உள்பக்கத்தைத் திருப்பினால் ட்ராகனும் அலையும் மேகமும். தீ அணைந்ததும் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கத் திரும்பி நடப்பார்களாம். அந்த ட்ராகனுக்கும் உள்ளே, தோலில், இன்னொரு ட்ராகன். ட்ராகன் அவர்களுக்கு நீரின் அதிபதி. துணி எரிந்தாலும் தோலில் ஒரு காவல் இருக்கட்டும் என்ற கணக்கு.

அதே 1720-ல்தான் அதே ஆட்சி இன்னொன்றையும் கொண்டுவந்தது: தண்டனைப் பச்சை. அதற்கு முன் திருடர்களின் மூக்கையோ காதையோ அறுப்பது வழக்கம். இனிமேல் கையில் குத்தினால் போதும் என்றார்கள். எடோவில் இடது முன்கையைச் சுற்றி இரண்டு பட்டை. சில பகுதிகளில் நெற்றியிலேயே, ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு கோடாகச் சேர்த்து, கடைசியில் நாய் என்ற எழுத்து முழுமையாகும். பட்டை வாங்கியவர்களில் சிலர் அதன்மேல் பெரிய படமாகக் குத்தி மறைத்துக்கொண்டார்கள். ஒரே நகரம், ஒரே மை. ஒருவனுக்கு அவமானம், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பெருமை.

சாயங்காலம் ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைத் தெரு. ஒரு கடையின் மாடியில் மர அச்சுப் படங்களை மெல்லிய உறைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய அச்சு ஓவியர் குனியோஷியின் பெயரைச் சொன்னதுமே கடைக்காரர் என் முன்கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நேரே எடுத்து வைத்தது மறு அச்சு ஒன்று: ஒன்பது ட்ராகன்களை உடம்பில் சுமந்த ஷிஷின்.

ஜப்பானின் உடல் முழுக்கப் படர்ந்த பச்சைக்கு மூலவேர் இங்கேதான். அரசை எதிர்த்துச் சதுப்பு நிலத்தில் பதுங்கிய 108 கொள்ளைக்காரர்களைப் பற்றிச் சீனாவில் ஒரு பழைய நாவல். ஜப்பானிய மொழியில் வந்ததும் எடோவில் அதற்குப் பைத்தியம் பிடித்தது. 1827-ல் குனியோஷி அந்த வீரர்களை, ஷிஷின் உட்பட, ஒவ்வொருவராக அச்சுப் படமாக்கத் தொடங்கினார். நாவலில் பச்சை குத்தியவர்கள் என்று வருவது ஒரு சிலர்தான். குனியோஷி இன்னும் பலருடைய முதுகிலும் தோளிலும் சேர்த்து வரைந்தார். படம் விற்றுத் தீர்ந்தது. அதுவரை சின்னச் சின்னதாக, காதலியின் பெயரோ ஒரு மந்திரமோ குத்திக்கொண்டிருந்த எடோ ஆட்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு பச்சை குத்துபவர்களிடம் போய், இதே மாதிரி வேண்டும் என்று நின்றார்கள். ஓர் ஓவியர் கற்பனையாக வரைந்த பச்சை, நிஜத் தோலில் ஏறிய கதை இது. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு தெளிவாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர் காட்டிய இன்னொரு விஷயம்: மார்பின் நடுவே கழுத்திலிருந்து வயிறு வரை ஒரு கை அகலத்துக்கு வெறும் தோல். இரண்டு பக்கமும் படம் நிறைந்திருக்கும், நடுவில் மட்டும் ஆறு போல ஒரு வெற்றிடம். வேலை செய்யும்போது மேலங்கி முன்னால் திறந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. மணிக்கட்டு தாண்டிப் போகாது, கழுத்தில் ஏறாது. மறைப்பதற்காகவே அளவெடுத்துத் தைத்த கலை.

யோகோஹாமா, வெள்ளி

சித்தப்பா மகன் இங்கே மென்பொருள் வேலையில் இருக்கிறான். ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்த கையோடு, "அண்ணே, சாயங்காலம் ஒரு இடத்துக்கு வரீங்களா? எனக்கு இன்னைக்கு முறை" என்றான். எதற்கு முறை என்று கேட்டதற்குச் சட்டையின் தோள்பட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினான். பாதி முடிந்த கெண்டை மீன்.

"சித்திக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்லயே யாருக்கும் தெரியாதுண்ணே. அம்மாவுக்குத் தெரிஞ்சா அதவிட மோசம்."

இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. பெயர்ப்பலகை கிடையாது. பச்சை குத்துபவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மூக்குக் கண்ணாடி நுனியில். கோரைப் பாயின் மேல் விரிப்பு, அதில் தம்பி ஒருக்களித்துப் படுத்தான். வெளிக்கோடுகளை இப்போது பலரும் இயந்திரத்தில் போட்டுவிடுகிறார்கள், இவரும் அப்படித்தான். நிழலும் நிறமும் மட்டும் கையால். அதற்குத் தெபோரி என்று பெயர்.

ஒரு முழத்துக்குக் குறைவான கம்பி, பழைய காலத்தில் மூங்கில். நுனியில் வரிசையாக ஊசிகள், ஓர் ஆளுக்குப் பயன்படுத்தியது அடுத்த ஆளுக்குக் கிடையாது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலை இழுத்துப் பிடிக்கின்றன. அதே கையின் கடைசி இரண்டு விரலிடுக்கில் மை தோய்த்த தூரிகை. கம்பி இடது கட்டைவிரலின் மேல் சாய்ந்து சறுக்குகிறது. சாய்வாக உள்ளே போய், வெளியே வரும்போது மேல்நோக்கி ஒரு சின்னச் சுண்டு. ஊசி காய்ந்ததும் தூரிகையில் ஒரு தொடல், மறுபடி தோல். தலை நிமிர்வதே இல்லை. ஊசி தோலை விட்டு விலகும்போது ஒரு சத்தம் வருகிறது, அரிவாள்மணையில் கீரைத்தண்டு நறுக்குகிற மாதிரி, சரக் சரக்கென்று ஒரே தாளத்தில். இயந்திரத்தின் ரீங்காரத்தை எதிர்பார்த்துப் போனவனுக்கு அது வேறு உலகம்.

மை, எழுத்துக்கலைக்கு உரைக்கும் அதே சுமி. கரி. குத்தும்போது கறுப்பு, ஆறியபின் தோலின் வழியாகப் பார்க்கும்போது நீலம் பாரிக்கும். நீர் கலந்து நீர் கலந்து நாலைந்து சாம்பல் வண்ணங்கள் செய்து கிண்ணங்களில் வைத்திருந்தார். மீனின் வயிற்றுப் பக்கம் அடர்த்தியில் தொடங்கி, ஒன்றுமில்லாததாகக் கரைந்துபோவது எப்படி என்று அரைமணி நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மீனைச் சுற்றிச் சுழலும் நீரும் சில மேப்பிள் இலைகளும். தம்பி செர்ரிப் பூவும் கேட்டானாம். ஒரே மீனுக்கு இலையுதிர் காலமும் வசந்தமும் எப்படி வரும் என்று மறுத்துவிட்டாராம். வாரம் ஒரு மணி நேரம். முதுகு முழுக்க என்றால் வருடங்கள்.

துறைமுக ஊர் என்பதால் இதையும் எழுதிவிட வேண்டும். 1872-ல் டோக்கியோவில் சில்லறைக் குற்றங்களுக்கான சட்டம் ஒன்று வந்தது. பச்சை குத்துவது குற்றம். கூடவே, தெருவில் வெற்றுடம்போடு திரிவதும், ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிப்பதும் குற்றம். பட்டியலைப் பார்த்தாலே யாருக்கு வெட்கப்பட்டு எழுதியது என்று தெரிந்துவிடும். கப்பலில் வந்து இறங்கும் ஐரோப்பியர்கள் நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைத்துவிடக்கூடாது. ஐரோப்பியர்கள் என்ன செய்தார்கள்? 1881-ல் பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், கப்பற்படை இளைஞராக வந்து இறங்கிக் கையில் ட்ராகன் குத்திக்கொண்டு போனார். 1891-ல் ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலாஸ் நாகசாகியில் தன் பங்குக்கு ஒரு ட்ராகன். உள்ளூர்க்காரன் குத்திக்கொண்டால் போலீஸ், வெளிநாட்டுக்காரனுக்குக் கண்டும் காணாமல். பச்சை குத்துபவர்கள் யோகோஹாமா மாதிரி துறைமுகங்களில் மாலுமிகளுக்குக் குத்திப் பிழைத்தார்கள். ஜப்பானியர்களுக்கான தடை 1948 வரை நீடித்தது, அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் விலகியது.

வெளியே வந்ததும் தம்பி காற்சட்டைப் பையிலிருந்து டை எடுத்துக் கட்டிக்கொண்டான். ஆபீஸ் விருந்தாம்.

அசகுசா, ஞாயிறு

நேற்றைக்கு எழுத ஒன்றும் இல்லை, துணி துவைத்தேன்.

இன்று சஞ்ஜா திருவிழாவின் கடைசி நாள். மே மூன்றாம் வார இறுதியில் வருவது. அசகுசா கோயிலின் மூன்று பெரிய பல்லக்குகள் விடியற்காலையில் கிளம்பும். தோளில் தூக்கிக் குலுக்கிக்கொண்டு, கத்திக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாத கூட்டம். குலுக்கினால்தான் சாமிக்குச் சக்தி ஏறும் என்பது நம்பிக்கை. முன்பெல்லாம் பச்சை நிறைந்த உடம்போடு ஆட்கள் பல்லக்கின் மேலேயே ஏறி நிற்பார்கள். கோயில்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, சாமிக்கு மேலே மனிதன் நிற்பதாவது. 2007-ல் சொல்லியும் கேட்காததால் 2008-ல் பெரிய பல்லக்குகளை வெளியே எடுக்கவே இல்லை. இப்போது யாரும் ஏறுவதில்லை.

ஆனால் பச்சை இருக்கிறது. ஒரு சந்தில் ஏழெட்டுப் பேர், இடுப்பில் கோவணம் மட்டும், மதுக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். முதுகில் நெருப்பு சூழ்ந்த ஃபுடோ தெய்வம், கையில் வாளும் கயிறும். பக்கத்தில் இருந்தவர் முதுகில் ஷிஷின், வியாழக்கிழமை காகிதத்தில் பார்த்த அதே ஆள். தோள்பட்டை அசைந்தால் ட்ராகனின் கழுத்து அசைகிறது. காகிதத்தில் இந்த வித்தை கிடையாது. பெண்களும் இருந்தார்கள், ஒருவர் முதுகு முழுக்க பியோனிப் பூக்கள். வெளிநாட்டவர்கள் கேமராவோடு மொய்த்தார்கள், அவர்களும் முகம் சுளிக்காமல் நின்றார்கள். பத்தடி தள்ளிப் போலீஸ்காரர் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். குழந்தையைத் தோளில் வைத்திருந்த அப்பா ஒருவர், பார், மீன், பார், புலி என்று சொல்லிக் காட்டிக்கொண்டு போனார்.

இவர்களில் யாகுசா இருக்கிறார்களா? நிச்சயம் இருப்பார்கள். எல்லோரும் அவர்கள்தானா என்றால் இல்லை. தச்சர்கள், மீன் சந்தைக்காரர்கள், சாரம் கட்டுபவர்கள் வழியில் வந்த பச்சை இது.

கினோசாகி, செவ்வாய்

நேற்று ஒசாகா. அங்கேயுள்ள பச்சை குத்துபவர் ஒருவரின் வழக்கு இந்தத் தொழிலையே காப்பாற்றியது. 2001-ல் சுகாதார அமைச்சு, ஊசியால் தோலுக்குள் மை ஏற்றுவது மருத்துவச் செயல் என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. அப்படியானால் டாக்டர் பட்டம் இல்லாமல் பச்சை குத்துவது சட்டவிரோதம். 2015-ல் போலீஸ் நடவடிக்கை எடுத்து அபராதம் கட்டச் சொன்னபோது பலர் கட்டிவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் கட்ட மாட்டேன் என்று நீதிமன்றம் போனார். 2017-ல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 1,50,000 யென் அபராதம் விதித்தது. 2018-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. பச்சை குத்துவது மருத்துவமல்ல, அதற்குக் கலை அறிவு வேண்டும், டாக்டர்கள் மட்டுமே செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். தோலில் கெண்டை மீன் வரைய எம்பிபிஎஸ் வேண்டாம் என்று முடிவாக ஐந்து வருடம் பிடித்திருக்கிறது.

ஒசாகாவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ரயில் பயணம். கினோசாகி ஒரே ஒரு ஓடை, இருபுறமும் வில்லோ மரங்கள், ஏழு பொதுக் குளியலிடங்கள். ஊரே ஒரு விடுதி மாதிரி, யுகாட்டா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்புமாக எல்லோரும் ஒரு குளியலிலிருந்து இன்னொரு குளியலுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். இங்கே எல்லாப் பொதுக் குளியலிலும் பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி உண்டு. ஒட்டி தேவையில்லை.

தொட்டியில் எனக்கு எதிரே ஒரு தாத்தா. என் கையைப் பார்த்தார். அது என்ன பறவை என்று மொழிபெயர்ப்புச் செயலி இல்லாமலே சைகையில் கேட்டார். மயில் என்பதைக் கையை விரித்து நடித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான், யாரும் எழுந்து ஓடவில்லை.

யாகுசா பதில் பாதிதான் என்று முதல் நாள் எழுதினேன். அந்தப் பாதியின் வரலாறும் பழையது அல்ல. 1960களில் தொயெய் நிறுவனம் வரிசையாக யாகுசா படங்கள் எடுத்தது. கடைசிச் சண்டையில் கதாநாயகன் கிமோனோவின் ஒரு தோளை இறக்குவான், முதுகு தெரியும், அரங்கம் கைதட்டும். பச்சை என்றால் யாகுசா என்ற முடிச்சைத் திரைதான் இறுக்கியது. அப்புறம் 1992-ல் கும்பல் எதிர்ப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. குடும்பத்தோடு போகும் பெரிய நவீனக் குளியல் கூடங்கள் பெருகின. ரவுடியா என்று கேட்டு விரட்டுவது சங்கடம், தோலைக் காட்டி விரட்டுவது சுலபம். பலகை அப்படித்தான் பரவியது. விசித்திரம் என்னவென்றால், இப்போது யாகுசா இளைஞர்களே மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பச்சையைத் தவிர்க்கிறார்கள் என்கிறார்கள். பலகை மட்டும் அப்படியே இருக்கிறது.

நாஹா, வியாழன்

ஒகினாவாவில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. விமானம் இறங்கும்போது கடல் தெரியவில்லை.

இங்கே பச்சை கையில். ஹஜிச்சி என்பார்கள். விரல்களின் மேல்பக்கம் நகத்தை நோக்கி நீளும் அம்பு மாதிரியான வடிவங்கள், புறங்கையில் வட்டமோ நட்சத்திரமோ, மணிக்கட்டின் வெளிப்புற எலும்பின் மேல் இன்னொன்று. சுமியை அவமோரி மதுவில் உரைத்து, கட்டிய தையல் ஊசிகளால் குத்துவது. சிறுமியாக இருக்கும்போது ஒரு புள்ளியில் தொடங்கி, கல்யாணத்தை ஒட்டி நிரப்புவார்கள். வடக்கே ஐனுக்கள் செய்ததும் இதே ஒழுங்குதான். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடலும் நிலமும். ஹஜிச்சி இல்லாமல் செத்தால் மறுஉலகத்தில் முன்னோர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பினார்கள். அதனால் நோயில் கிடக்கும் பெண்ணுக்குக்கூட அவசர அவசரமாகக் குத்தியதுண்டு. சாமி கும்பிடுகிற கையும் நெசவு நெய்கிற கையும் அதுதான்.

1879-ல் இந்தத் தீவுகளை ஆண்ட ரியூக்கியூ அரசைக் கலைத்து ஒகினாவா மாகாணம் ஆக்கினார்கள். 1899-ல் ஹஜிச்சிக்குத் தடை. பள்ளியில் ஆசிரியர்கள் சிறுமிகளின் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். பிழைப்புக்காக ஹவாய்க்கும் பிலிப்பைன்ஸுக்கும் போன குடும்பங்களில் பெண்களின் கை பெரிய பிரச்சினையாகிவிட்டது. மற்ற ஜப்பானியர்கள் ஏளனம் செய்தார்கள், அந்தக் கை நாட்டுக்கு அவமானம் என்று சிலரைத் திருப்பி அனுப்பவும் செய்தார்கள். புகைப்படம் எடுக்கும்போது கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொள்ளப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். இரண்டு தலைமுறையில் பெருமை ரகசியமாகிவிட்டது.

தடை வந்து 120 வருடம் ஆனதையொட்டி 2019-ல் இங்கே மாகாண அருங்காட்சியகத்தில் ஹஜிச்சிக்கும் தைவான் ஆதிக்குடிகளின் பச்சைக்குமாகச் சேர்த்து ஒரு கண்காட்சி நடந்தது. சிலிக்கோனில் செய்த கைகளில் பழைய வடிவங்களை உண்மையாகவே குத்திக் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் இதில் இறங்கியதாக, இன்று நான் சந்தித்த பச்சை குத்தும் பெண் சொன்னார். முப்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் முழு ஹஜிச்சி. சுற்றுலா வந்தவர்கள் அழகாக இருக்கிறது என்று கேட்டால் வேறு படம் குத்துகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். நானும் கேட்டுப் பார்த்தேன். ஆம்பளைக்கு இது கிடையாது என்றார், சிரித்துக்கொண்டேதான்.

தீவுக்குத் தீவு வடிவம் மாறும். அமாமி வேறு, மியாகோ வேறு, யாயேயாமா வேறு. அதனால் வருகிறவர்களிடம் முதல் கேள்வி, உங்கள் பாட்டி எந்தத் தீவு, எந்த ஊர்? நிறையப் பேருக்குத் தெரியாது. போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். ஒரு பெண் கேட்டுவிட்டு வருவதற்குப் பதில் பாட்டியையே அழைத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். எண்பதைத் தாண்டிய பாட்டி. அவர் கையில் ஒன்றும் கிடையாது, ஆனால் அவருடைய பாட்டியின் கை நினைவிருக்கிறது. ஆய்வுப் புத்தகத்தில் அந்த ஊருக்கு மணிக்கட்டில் சதுரம் என்று போட்டிருந்தது. இல்லை, வட்டம் என்று பாட்டி. இருவரும் வெகுநேரம் வாதாடினார்களாம், நடுவில் பேத்தி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க. கடைசியில் வட்டம்தான் குத்தினாராம்.